பத்திரத்தில் தொடங்கி ஏரிக்கரை வரை: சென்னைக்குள் இருக்கும் பழைய ஊரைத் தேடுவது எப்படி?

சென்னைப் புறநகரில் வீடு வாங்கியவர்கள் பலரும் கிரயப் பத்திரம் பதிவாகி வந்த அன்றே அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஒருமுறை வெளியே எடுங்கள். கடைசிப் பக்கங்களில் ‘சொத்து விவரம்’ என்று ஒரு பகுதி இருக்கும். இன்ன மாவட்டம், இன்ன வட்டம், இன்ன எண்ணுள்ள இன்ன கிராமம், சர்வே எண் இத்தனை, இதற்கு வடக்கே இன்னாருடைய மனை, தெற்கே இருபதடிப் பாதை என்று போகும். அப்பார்ட்மெண்டுக்குக் கட்டியவர் வைத்த பெயரையும் பஸ் நிறுத்தத்தின் பெயரையும் விட்டுவிட்டு, அந்தக் கிராமத்தின் பெயரை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். ஆயிரம் வருஷம் பின்னால் போவதற்கு அந்த ஒரு பெயரே வழி.

சோழர் காலக் கல்வெட்டும் ஏறக்குறைய இதே முறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ‘ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்துக் கோட்டூர் நாட்டு வேளிச்சேரி’ என்று பெரிய பிரிவில் ஆரம்பித்துச் சின்ன ஊருக்கு இறங்கும். பிறகு நிலத்தின் அளவு வரும். அதன் பிறகு கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை. நம் பத்திரத்தில் ‘செக்குபந்தி’ என்று எழுதுகிறோமே, அதேதான். வேளிச்சேரி இன்றைய வேளச்சேரி. அங்கே பத்திரம் வைத்திருக்கிற ஒருவர் அந்தக் கல்வெட்டின் கடைசி வரியைத் தன் வீட்டுக் காகிதத்தில் வைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

நான் தெற்குப் புறநகரில் குடியேறிப் பதினாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன். இதில் கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இந்த வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் ‘எந்த ராஜா கட்டினார்?’ என்ற கேள்வியோடு கிளம்பி, ஒரு வாரத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள். சென்னைப் பகுதி அடங்கிய தொண்டை மண்டலத்து ஊரை ஏரியிலிருந்து படிக்க வேண்டும். ராஜா அப்புறம் தானாக வருவார்.

பெயரைப் பிரித்துப் பார்ப்பது

ஊர்ப் பெயரின் பின்பாதியைப் பாருங்கள். பாக்கம், வாக்கம் இரண்டும் ஒன்று. மேடவாக்கமும் நுங்கம்பாக்கமும் ஒரே அச்சு. நுங்கம்பாக்கத்தின் பெயர் ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே வருகிறது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கலில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மந்தைவெளி மாடு மேய்ந்த இடம். மங்கலம் என்று முடிந்தால் பிராமணர்களுக்கு விட்ட ஊராக இருந்திருக்கலாம். பேட்டை பெரும்பாலும் பிந்தியது. சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர்களுக்காக 1734இல் உருவானது. நகர் என்று முடிவது இன்னும் புதிது. ஆனால் நகரின் அடியிலும் பழைய ஊர் இருக்கும். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் பக்கத்துப் பெரிய ஏரியை வடித்துத்தான் எழுந்தது.

முன்பாதியில் கவனமாக இருங்கள். பெயரை வைத்துக் கதை கட்டுவது சுலபம். விமான நிலையத்துக்கு எதிரே மலையடிவாரத்தில் இருக்கும் திரிசூலத்துக்குச் சிவனின் சூலத்தை வைத்து விளக்கம் சொல்வார்கள். அங்குள்ள கோயில் கல்வெட்டுகளில் ஊர் ‘திருச்சுரம்’. அது இருந்த நாடு சுரத்தூர் நாடு. எழும்பூர் கல்வெட்டில் எழுமூர். ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியதில் அது எக்மோர் ஆனது. வேளச்சேரிக்கு ‘வேதச்ரேணி’ என்ற விளக்கத்தைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல் வேளிச்சேரி என்றே சொல்கிறது. மக்கள் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஊரின் சொத்துதான். ‘கதை’ என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள், அவ்வளவே.

ஏரியைக் கண்டுபிடிப்பது

இதற்கு மட்டும் குறைந்தது மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அவசரப்படவே கூடாத கட்டம் இது.

சென்னைப் பக்கம் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. மழைத்தண்ணீர் இறங்கிவரும் வழியில், தாழ்வான பக்கத்தில் பிறை வடிவத்தில் கரை போட்டால் அது ஏரி. கரையில் மதகு. மதகைத் திறந்தால் கரைக்குக் கீழே இருக்கும் ஆயக்கட்டு வயலுக்குத் தண்ணீர் போகும். ஏரி நிரம்பி மிஞ்சினால் வழிந்தோட ஓர் ஓரத்தில் கலங்கல். அந்தக் கலங்கல் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். இப்படி ஏரிகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். தண்ணீர் ஏறாத கொஞ்சம் மேட்டில் நத்தம், அதாவது வீடுகள். இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் எந்தப் புறநகர்த் தெருவில் நின்றாலும் பழைய ஊர் எங்கே இருந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கரை இருந்த இடம் பெரும்பாலும் இன்று ரோடு. சுற்றுப்புறத்தைவிட ஓர் ஆள் உயரம் மேலே, லேசாக வளைந்து போகும் ரோடு தெரிந்தால் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் சந்துகள் கீழே இறங்கினால் அது கரையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்ற பெயரே ஏரிக்கரைச் சாலை என்பதுதான். வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்தப் பழைய ஏரியின் இடத்தில்.

நான் எங்கள் ஊரில் கலங்கலைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். ஒருநாள் அம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் ஆயாவிடம் வழி கேட்டபோது, “கலங்கத் தெருவுல நேராப் போப்பா” என்றார். அவர் காட்டிய தெருவின் பெயர்ப் பலகையில் வேறு என்னவோ எழுதியிருந்தது. தெரு முனையில் சிமெண்ட் மூடிய கால்வாய்க்குப் பக்கத்தில் சரிவாகப் பதித்த கருங்கல் பலகைகள் மூன்று தெரிந்தன. ஒன்றின் விளிம்பு தண்ணீர் ஓடி ஓடி விரல் வைத்தால் வழுக்குகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. கலங்கலில் மிஞ்சியது அவ்வளவுதான். பலகையில் இல்லாத பெயரை அந்த அம்மா வாயில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

காகிதத்திலும் இதைச் சரிபார்க்கலாம். தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரம் கிடைக்கும். பட்டா நிலமா புறம்போக்கா என்று அதில் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் நயமாகக் கேட்டால் கிராம வரைபடத்தையே காட்டுவார். ஏரி உள்வாய் (கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பரப்பு), தாங்கல், ஓடை, மேய்க்கால், களம், சுடுகாடு, கிராம நத்தம் என்று எழுதியிருக்கும் எண்களை ஒரு நிறத்தில் குறித்துக்கொண்டே வந்தால் பழைய ஊர் கண்முன் எழும். பழைய சர்வே எண் இப்போது உட்பிரிவு ஆகியிருக்கும். 12/3ஆ என்றால் முதலில் 12 என்ன என்று பாருங்கள். நகர நில அளவை நடந்த பகுதியில் எண்ணே மாறியிருக்கும். அங்கே பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். 2000களின் தொடக்கம் வரை போனாலே போதும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும். அப்புறம் இன்னொரு சான்று: 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். தண்ணீருக்குத் தன் பழைய இடம் மறக்கவில்லை. எங்கள் ஊரில் 2015இல் படகு வந்த தெருக்களை வரைபடத்தில் இட்டபோது, அவை பதிவேட்டில் உள்வாய் என்று இருந்த எண்களோடு கிட்டத்தட்டப் பொருந்தின.

கோயிலுக்குப் போகும்போது

ஏரியும் நத்தமும் தெரிந்த பிறகு கோயிலுக்குப் போங்கள். சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணர்களுக்கு விட்ட ஊராக இருந்த இடங்களில் பெரும்பாலும் சிவன் கோயில் வடகிழக்கிலும் பெருமாள் கோயில் மேற்கிலும் இருக்கும். பிடாரி, செல்லியம்மன், எல்லையம்மன் ஊர் விளிம்பில். கரையோர மரத்தடிகளையும் விடாதீர்கள். மண்ணில் பாதி புதைந்த கனத்த வயிற்றோடு ஒரு பெண் தெய்வம், இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உருவங்கள் இருந்தால் அது மூத்ததேவியாக, தவ்வையாக இருக்கலாம். பல்லவர், முற்காலச் சோழர் காலத்தில் வழிபட்ட தெய்வம். வரிசையாக ஏழு பெண் உருவங்கள் இருந்தால் கன்னிமார். கட்டடத்தையும் பாருங்கள். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் விமானத்தின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். அதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர்.

கல்வெட்டு பெரும்பாலும் கருவறையைச் சுற்றியுள்ள அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், முட்டி உயரத்தில் இருக்கும். குருக்களிடம் முதலில் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். காலை எட்டு மணிக்கு முன்போ சாயங்காலமோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. இருட்டான மூலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மாவு தடவாதீர்கள், சாக்கட்டி தேய்க்காதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். ஈரத்தாளை ஒற்றி மை தட்டி எடுக்கும் மைப்படி, அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை.

படிக்கத் தொடங்கினால் முதல் நாள் எதுவும் விளங்காது. மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் பாதி தூரம் கடந்துவிடலாம். புள்ளி இருக்காது. எ, ஏ வித்தியாசமும் ஒ, ஓ வித்தியாசமும் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘எரி’ என்று தெரிந்தால் ஏரி என்று படிக்க வேண்டும். வடமொழிச் சொற்கள் வரும் இடத்தில் கிரந்த எழுத்து இருக்கும். எண்கள் தமிழ் எண்கள்: ௰௬ என்றால் 16.

தொடக்கம் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’. அடுத்து மன்னனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் புகழைச் சொல்லும் வரிகள். ‘திருமகள் போல’ என்றால் முதலாம் ராஜராஜன், ‘திரு மன்னி வளர’ என்றால் முதலாம் ராஜேந்திரன், ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். பிறகு யாண்டு இத்தனையாவது என்று வரும். ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தது 1012. அவனுடைய ஆறாவது ஆட்சியாண்டு என்றால் 1017–18. குலோத்துங்கனுக்கு 1070இலிருந்து எண்ண வேண்டும். பெயரில்லாமல் பரகேசரி என்று மட்டும் இருந்தால் அது பட்டப்பெயர், பல சோழர்களுக்கு உண்டு. அந்த இடத்தில் ஆண்டை ஊகித்து எழுதிவிடாதீர்கள்.

நிறையக் கல்வெட்டுகள் நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிக்கக் கொடுத்த தானம். ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூறு’ என்ற சொற்றொடரை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள். தொண்ணூறு ஆட்டைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஒரு மன்றாடி, அதாவது ஆயர், அவற்றைப் பெற்றுக்கொண்டு தினமும் உழக்கு நெய் அளப்பார். ஆடு செத்தாலும் குட்டி வளர்ந்து கணக்கு தொண்ணூறாகவே நிற்க வேண்டும். அதனால்தான் சாவா, மூவா. இதைப் படித்துவிட்டு அரசன் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம். அந்த மன்றாடியின் ஆடுகள் மேய இந்த ஊரில் வெளி இருந்திருக்கிறது. ‘அ’ பதிவேட்டில் மேய்க்கால் என்று இருக்கும் நிலத்துக்குப் போய் நின்று பாருங்கள்.

நிலதானக் கல்வெட்டு கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நான்கெல்லையில் ஏரி, வாய்க்கால், வழி, பக்கத்து ஊர் எல்லாம் பெயரோடு வரும். செப்பேடுகளில் ‘உடும்போடி ஆமை தவழ்ந்த’ என்று நிலத்தை வர்ணிப்பார்கள். வறண்ட மேட்டில் உடும்பும் ஈரத்தில் ஆமையும் போன எல்லா நிலமும் சேர்த்து என்று பொருள். வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரி என்று வரிசையாக வருவதுண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர் ஊராக அப்படி இருக்கிறது. சேரியில் வாழ்ந்தவர்களின் பெயரைக் கல் எழுதவில்லை, அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது.

ஒரு வேண்டுகோள். கல்வெட்டைப் பார்த்த அன்றே படம் எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். ஒரு கோயிலில் நான் நாலு வரியைப் படம் எடுத்தேன். மேலே இருந்த இரண்டு வரிக்கு ஏணி வேண்டும், பிறகு வரலாம் என்று திரும்பிவிட்டேன். மறுபடி போனபோது கும்பாபிஷேகத்துக்காகச் சுவர் முழுக்க மணல் பீச்சிச் சுத்தம் செய்திருந்தார்கள். கல் புதிதுபோல வெளுத்திருந்தது. கையால் தடவிப் பார்த்தேன், எழுத்து இருந்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகள்தான் தட்டுப்பட்டன. அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அச்சில் வந்திருக்கிறதா?

நீங்கள் பார்க்கும் கல்வெட்டு நூறு வருஷத்துக்கு முன்பே படியெடுக்கப்பட்டிருக்கலாம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வருகின்றன. 1919இல் வி. ரங்காச்சார்யா சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், தாலுகா வாரியாகப் பட்டியலிட்டு மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். சென்னை என்ற தலைப்பில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள். இன்றைய புறநகர் ஊர்கள் அன்று செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. எழும்பூரில் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் மாநிலத் தொல்லியல் துறை இருக்கிறது, அங்கே துறையின் கல்வெட்டுத் தொகுதிகளைக் கேளுங்கள். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். ஒரே நாளில் இரண்டும் முடியும்.

கும்பினி காலத்துக் காகிதம்

ஆற்காட்டு நவாப் 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது அதன் வருமானத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு கொடுத்தார். வருமானம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார்கள். உங்கள் ஊர் அதில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எத்தனை வீடு, எந்தத் தொழில், எவ்வளவு நிலம், எத்தனை ஏரி குளம், விளைச்சலில் கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, கோயிலுக்கு எவ்வளவு பங்கு என்று அதில் வரும். கல்வெட்டில் கோயிலைச் சுற்றி மட்டுமே தெரிந்த ஊர் இங்கே முழு ஊராகத் தெரியும். ஊரார் எழுதிய ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். 1909இல் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து படிக்க முன்அனுமதி வேண்டும். என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள்.

உங்கள் ஊர் வரிச்சலுகையோடு மானியமாக விட்ட சுரோத்திரியமாகவோ இனாமாகவோ இருந்திருந்தால் 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேட்டையும் கேளுங்கள். யாருக்கு, எந்த ஆட்சியில், எதற்காக விடப்பட்டது என்ற விவரம் கிடைக்கும். அதற்குப் பிந்திய காகிதம் ஊரிலேயே இருந்தது, ஊர்க் கணக்கரான கர்ணத்திடம். 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தபோது நிறையக் கணக்குகள் வீட்டுப் பரண்களில் தங்கிவிட்டன. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஊராட்சி அலுவலகங்களின் பழைய நோட்டுகளும் இடம் மாறின. தேடினால் கிடைக்கலாம், பொறுமை வேண்டும்.

ஊராரிடம் பேசுவது

போனவுடன் சர்வே எண்ணைக் கேட்காதீர்கள். ஏரி, புறம்போக்கு, நத்தம் என்று பேச ஆரம்பித்தாலே மனை புரோக்கர் என்றோ வீட்டை இடிக்க அளக்க வந்தவர் என்றோ நினைப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சம்மதம் இல்லாமல் செல்போனில் பதிவு செய்யாதீர்கள்.

‘இந்த ஊர் எவ்வளவு பழசு?’ என்று கேட்டால் ‘ரொம்பப் பழசு’ என்றுதான் பதில் வரும். ‘சின்ன வயசில் எங்கே குளித்தீர்கள்? நெல் எந்தக் களத்தில் அடித்தார்கள்? ஆடி மாசம் அம்மனுக்குக் காப்பு கட்டினால் எந்த எல்லை தாண்டக் கூடாது? சாமி ஊர்வலம் எந்தத் தெருவோடு திரும்பும்?’ என்று கேளுங்கள். அம்மன் திரும்பும் இடம் பெரும்பாலும் பழைய ஊர் எல்லை. அந்த வழியை ஒருமுறை கூடவே நடந்துவிடுங்கள்.

மேலத்தெருவில் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மதகைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் காலனியில் இருந்தவர்கள். எந்த மதகுக்கு எந்த வயல், எந்த மழையில் எந்தக் கரை கசியும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர் ஏரிக்கு மூன்று மதகு என்று எல்லோரும் சொன்னார்கள். நாலாவது ஒன்று இருந்ததைச் சொன்னவர் அப்பாவோடு சின்ன வயதில் மடை திறக்கப் போன ஒரு பெரியவர். இடத்தைக் கம்பை ஊன்றிக் காட்டினார். கிராம வரைபடத்தில் அங்கே ஒரு வாய்க்கால் கோடு இருக்கிறது.

எழுதி வைப்பது

ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது கல்லிலிருந்தா, காகிதத்திலிருந்தா, யார் வாய்மொழியா, எந்தத் தேதி என்று குறியுங்கள். மூன்றும் முரண்பட்டால் முரணையும் அப்படியே எழுதுங்கள். எந்தச் சாதி முதலில் வந்தது என்ற சண்டைக்குள் நோட்டைக் கொண்டுபோகாதீர்கள். படங்களுக்குக் கோயில் பெயர், சுவர்த் திசை, வரிசை எண் இட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரு பிரதியை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுங்கள்.

இப்போதே தொடங்குவதானால் பத்திரமும் பெயரும் பதிவேடும் வெயில் காலத்தில் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை, கலங்கல் இருந்ததாகக் குறித்து வைத்த இடத்துக்குக் குடையோடு போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தச் சந்தில் திரும்புகிறது என்று அரைமணி நேரம் நின்று பார்த்து, அதே இடத்தில் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போட்டுத் தேதியை எழுதுங்கள்.